மினி டிராக்டர் செவ்வாய்க்கிழமை வராததற்குக் காரணம்

அன்பு மகள் வினோதினிக்கு உன் பெரியப்பா எழுதுவது. இங்கே நான், உன் பெரியம்மா, இரண்டு மாடு, மினி டிராக்டர் எல்லோரும் சௌக்கியம். குட்டி யானைக்கு மட்டும் கிளட்ச்சில் கொஞ்சம் கோளாறு இருந்தது. அதையும் நானே வண்டிக்கடியில் படுத்துச் சரி செய்துவிட்டேன். மெக்கானிக்தான் படுத்தான், நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன் என்று உன் பெரியம்மா சொல்வாள். ஸ்பேனர் இல்லாமல் அவன் என்ன செய்திருப்பான்? நீயும் மாப்பிள்ளையும் பெருநகர் ஊரில் நலமாக இருப்பீர்கள். என் மேல் கோபமாகவும் இருப்பீர்கள். அது நியாயம்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு இரண்டு வண்டியும் உன் வாசலில் வந்து நிற்கும் என்று சொன்னவன் நான்தான். அதை நம்பி நீ வேலைக்கு லீவு போட்டாய். செவ்வாய்க்கிழமை போன் செய்தாய், டயர் பஞ்சர் என்றேன். புதன்கிழமை செய்தாய், டீசல் ஃபில்டர் அடைத்துக்கொண்டது என்றேன். "டயரு, ஃபில்டரு, நாளைக்கு இன்னா பெரிப்பா, ஸ்டியரிங்கு காணோமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். இன்றைக்கு வியாழன். டயரும் ஃபில்டரும் கல்லு மாதிரி இருக்கின்றன. நடந்தது வேறு. ஐப்பசி பிறக்கப் பத்து நாள்கூட இல்லை. மழைக்கு முன்னால் உன் மனையை மேடாக்கியாக வேண்டும். அதே மழைக்கு முன்னால் இங்கே இன்னொரு வீட்டுக்குத் தண்ணீர் போகாமல் செய்தாக வேண்டும். இருப்பது ஒரு டிராக்டர். நான் அந்த வீட்டை முதலில் வைத்துவிட்டேன். பெற்ற பிள்ளை போல வளர்த்த உன்னை ஏன் பின்னால் நிறுத்தினேன் என்பதைப் போனில் சொல்லவே முடியாது. போனில் நான் வாயைத் திறந்தால் கதை என் பெருமைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் உன் பழைய பாலிடெக்னிக் நோட்டில் மிச்சமிருந்த தாளைக் கிழித்து எழுத உட்கார்ந்தேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். ஒன்பதாவதுக்கு வரச்சொல்லி வாத்தியார்கள் வீடு தேடி வந்து கெஞ்சினார்கள் என்று உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். வந்தது உண்மை. நான் உடைத்த ஜன்னலைப் பற்றிப் பேச வந்தார்கள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள். உன் அம்மா போன பிறகு, உன் அப்பன், என் தம்பி, லாரியோடு வடக்கே போவதும் வருவதுமாக இருந்தான். ஒன்றரை வயதில் உன்னை என் தோளில் போட்டுவிட்டுப் போனான். என் சட்டைப் பையில் இருந்த பீடிக்கட்டை எடுத்து நீ வாயில் வைத்தாய், அன்றோடு நான் பீடியை விட்டேன். இதில் மட்டும் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

மினி டிராக்டர் வாங்கின நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். ஷோரூமில் நின்ற ஏழு வண்டியிலும் காது வைத்துக் கேட்டு, இருமல் இல்லாத இஞ்சினாகப் பார்த்து எடுத்தேன். விற்கிறவனே எழுந்து நின்று, "ஐயா, நீங்க எங்க டிரெயினிங் எடுத்தீங்க?" என்று கேட்டான். ஊரில் சிரித்தார்கள். பொம்மை வண்டி, கோயில் தேருக்குப் பூட்டலாம் என்றார்கள். அதே வருஷம் ஏரி உள்வாயில் சேற்றில் புதைந்த பெரிய டிராக்டர் ஒன்றை இந்தப் பொம்மைதான் சங்கிலி போட்டு இழுத்தது. நாலு ஊர் ஜனம் வேடிக்கை பார்த்தது. சரி, நாலு பேர் பார்த்தார்கள், ஆனால் அதில் ஒருவன் வெளியூர், கூரத்திலிருந்து வந்தவன். சின்ன வண்டியின் அருமை வீட்டு வேலையில்தான் தெரியும். பெரிய மண்ணள்ளும் இயந்திரம் வாசலுக்குள் திரும்பவே சுவரை இடிக்கும். இது மாட்டுக் கொட்டகைக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் புகுந்து, முன்னால் பக்கெட்டில் அள்ளி, பின்னால் லெவலர் பலகையால் சீவிவிட்டு வரும். குட்டி யானை மண்ணைக் கொண்டுவந்து கொட்டும், டிராக்டர் பரப்பும். மாமியார் சமைக்க மருமகள் பரிமாறுவது போல. எங்கள் வீட்டில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து உன் பெரியம்மா சொல்கிறாள், அதையும் எழுதிவிட்டேன்.

வண்டி உன்னிடம் வந்ததும் மாப்பிள்ளை ஆசைப்பட்டு ஏறுவார். அவரிடம் சொல். மண் அள்ளின பக்கெட்டை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு நகரக் கூடாது. மேலே தூக்கினால் சின்ன வண்டிக்கு முன்பக்கம் கனத்துப் பின்சக்கரம் மண்ணை விட்டுவிடும். கொட்டுகிற இடத்துக்குப் போய்த்தான் தூக்க வேண்டும். பின்னால் எப்போதும் பாரம் இருக்க வேண்டும். நான் மழை நாளில் இரண்டு மூட்டை மணல் கட்டுவேன். மேட்டில் ஏறும்போது குறுக்கே ஏறக் கூடாது, நேராக ஏற வேண்டும். மூன்றடி மண்ணை ஒரே நாளில் கொட்டி, மேலே பளபளவென்று சீவிவிட்டுக் கைகட்டி நிற்கக் கூடாது. அரையடி கொட்டு, தண்ணீர் தெளி, வண்டியை மேலே நாலு தடவை ஓட்டி அமுக்கு, அப்புறம் அடுத்த அரையடி. இதெல்லாம் எனக்குத் தெரியும். இத்தனையும் தெரிந்தவன் ஒன்றைத் தெரிந்துகொள்ளவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

உனக்கு இருபத்தைந்து நடந்தபோது மூன்று வரன் வந்து மூன்றும் தட்டிப் போயின. முதல் இரண்டும் ஜாதகம். மூன்றாவது ஜாதகம் இல்லை, நான். நீ காப்பி எடுக்க உள்ளே போயிருந்தாய். பையனின் அம்மா, "பொண்ணு வூட்டு வேலல்லாம் செய்யுமா?" என்று கேட்டார். நான் சும்மா ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "வூட்டு வேலயா? எங்க பொண்ணு டிராக்டர்ல அம்பது ஏக்கரு உழுதுட்டுத்தாம்மா பாலிடெக்னிக் போச்சு!" என்றேன். அந்த அம்மா, "எங்க வூட்ல ஏக்கரே இல்லியே" என்று எழுந்துவிட்டார். நீ காப்பித் தட்டோடு வந்து நின்றபோது தெருவில் அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஜாதகம் சரியில்லையாம் என்று உன்னிடம் சொன்னேன். இத்தனை நாள் அதை நீ நம்பியிருந்தால், இன்றைக்கு நம்பாதே.

அந்தக் குற்ற உணர்ச்சிதான் என்னைச் செங்கல்பட்டு வாஸ்துக்காரரிடம் கொண்டுபோய் விட்டது. அவர் காம்பஸைக் கையில் வைத்துக்கொண்டு நம் புழக்கடை முழுக்க நடந்தார். தென்மேற்கு மூலையில் நின்று உச்சுக்கொட்டினார். "கன்னி மூல பள்ளமா கீது, ஈசானி மூல மேடா கீது. எல்லாம் தலகீழா கீது சார். இந்த வூட்டுப் பொண்ணுக்கு எப்டி வரன் தகையும்?" என்றார். உன் பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் மறுநாளே தாலுகா ஆபீசில் ஏரி மண் எடுக்க அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டேன். தென்மேற்கை மூன்றடி உயர்த்தி, வடகிழக்குப் பக்கம் தாழும்படி மொத்தப் புழக்கடையையும் சாய்த்துவிடுவது என்று முடிவு. ஊரில் ஐந்நூறு நடை மண் அடித்தேன் என்று சொல்லியிருக்கிறேன். உனக்குச் சொல்கிறேன், அறுபத்து மூன்று நடை.

நாலாவது நடை கொட்டும்போது நீ காலேஜில் செய்கிற மாதிரி கண்ணாடி போலத் தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாயில் நீலம் கலந்த தண்ணீரை ஊற்றி எடுத்துக்கொண்டு வந்தாய். ஒரு முனையைப் பெரியம்மா கையில் கொடுத்து வேலியோரம் நிறுத்தினாய், இன்னொரு முனையை நீ பிடித்துக்கொண்டு மூலையில் நின்றாய். "பெரிப்பா, இந்த மூல ஒன்ற அடி பள்ளம். நம்ம வூட்டுத் தண்ணி, வேலிக்கு அந்தாண்ட கீற தண்ணி, எல்லாம் இப்டி வந்துதான் ஓடையில வியுது. இத்த அடச்சா பச்சையம்மா வூட்டுக்குத்தான் திரும்பும்" என்றாய். வேலைக்கு வந்தவர்கள் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஆறு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு மூளை வேலை செய்யாது, வாய்தான் வேலை செய்யும். "குயாய்ல தண்ணிய ஊத்திக்கினு வந்து எனுக்கு மேடு பள்ளம் வாட்டம் சொல்றியா? நான் பொறக்கும்போதே ரசமட்டத்தோட பொறந்தவன்டி!" என்றேன். "அப்போ அதுல குமியி எங்கியோ போயிடுச்சு பெரிப்பா" என்று சொல்லிக் குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாய். ஆறு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே நான் அறுபத்து மூன்று நடையையும் முடித்தேன்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி பச்சையம்மா. அவளைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டவன் நான். நம் வடகிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம், இருளர் குடியிருப்பில் முதல் வீடு அவளுடையது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை. நடவுக்கும் களையெடுப்புக்கும் நம் நிலத்தில் இருபது வருஷமாக வருகிறவள். அன்றைக்கு டிராக்டர் புக முடியாத வேலியோரத்திலும் சுவரோரத்திலும் பாண்டுச் சட்டியில் அள்ளி அள்ளி மண்ணைத் தலையில் தூக்கிப் போட்டது அவள்தான். தன் வீட்டுக்குள் தண்ணீரைத் திருப்பிவிடுகிற மண்ணைத் தன் தலையிலேயே சுமந்தாள். நடுவில் ஒருமுறை பாண்டை இறக்கி வைத்து, "நைனா, அந்தப் பொண்ணு சொல்றது மெய்தானா? தண்ணி எங்கதான் போவும்?" என்று கேட்டாள். "தண்ணிக்கு வயி தெரியும் பச்ச, நீ மண்ணப் போடு" என்றேன்.

தண்ணீருக்கு வழி தெரிந்திருந்தது. அந்த ஐப்பசியில் முதல் பெருமழை. விடிந்ததும் காப்பி டம்ளரோடு வெளியே வந்து பார்த்தேன். நம் புழக்கடை துடைத்துவிட்டது போலக் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு நிற்கவில்லை. பெரியம்மாவைக் கூப்பிட்டு, "பாத்தியா, இன்னா வேல!" என்றேன். அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "இன்னா நைனா, உன் வூட்டுத் தண்ணி என் வூட்ல குடி வந்துகினு கீது. வாடக யாரு குடுப்பா?" பச்சையம்மா இடுப்பில் ஒரு நனைந்த அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு நின்றாள். முழங்கால் வரை சேறு. அடுப்பு கரைந்துபோய்விட்டது என்றாள். நான் டம்ளரைக் கீழே வைக்காமலே, "ஏரித் தண்ணிம்மே அது. ஏரி ரொம்பி கலங்கல் மேல போயிக்கினு கீதாம், ஊரே சொல்லுது" என்றேன். ஊர் அப்படிச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் டீக்கடையில் நான் சொன்ன பிறகுதான் ஊர் சொன்னது. ஏரி அந்த வருஷம் முக்கால்கூட நிரம்பவில்லை. நாலு நாள் அவள் குடும்பம் பள்ளிக்கூட வராந்தாவில் இருந்தது.

நீ ஒரு பிளாஸ்டிக் ஜக்கை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனாய். மத்தியானம் வரை அவள் வீட்டிலிருந்து தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு வந்தாய். கை கால் கழுவிக்கொண்டு சோறு சாப்பிட்டாய். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். டீக்கடையில் யாரோ உன்னிடமே, "ஏரித் தண்ணி பூந்துச்சாமே?" என்று கேட்டபோதும் நீ தலையை ஆட்டிவிட்டு வந்தாய் என்று கேள்விப்பட்டேன். என் மானத்துக்காகப் பொய்க்குத் துணை நின்றாய். பெரியப்பன் மகளுக்குச் செய்ய வேண்டியதை மகள் பெரியப்பனுக்குச் செய்தாய்.

அப்புறம் நடந்ததுதான் பேஜார். மழை நின்று தை பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தார்கள். வைகாசியில் கல்யாணமே முடிந்தது. உன்னைப் பிடித்துத்தான் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் உன் பெரியம்மா அந்த மூலையில் மஞ்சள் தெளித்துக் கற்பூரம் ஏற்றினாள். நானும் பந்தலில் வந்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் அந்த மேட்டைக் காட்டினேன். "இந்த மண்ணு கொட்டி ஆறாவது மாசம் வரன் வந்து வாசல்ல நிக்குது!" தென்னேரியிலிருந்து வந்த ஒருவர் தன் வீட்டுக்கும் அடிக்கச் சொல்லி வண்டி கேட்டார். அடுத்த மழையிலும் பச்சையம்மா வீட்டுக்குள் தண்ணீர் போனது. இந்தமுறை அவள் வேலியருகே வரவில்லை. நானும் விடிந்ததும் வெளியே வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய் இல்லையா, அதற்கு வருகிறேன். நான் புழக்கடையில் நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். எனக்குப் பேசும்போது கை இரண்டும் வேண்டும், உனக்குத் தெரியும். "பெரிப்பா, டிராக்டரையும் குட்டி யானையையும் ஒரு வாரம் அனுப்பு. போன மழைக்கு எங்க வூட்ல முட்டி மட்டும் தண்ணி. எதிர் வூட்டுக்காரரு மண்ணு கொட்டி மேடாக்கிக்கினாரு. கேட்டா, ஆத்துத் தண்ணிம்மா, செய்யாறு பொங்கிக்கினு வந்துச்சுன்றாரு" என்றாய். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "எவன் அவன்? எம்பொண்ணு வூட்ல தண்ணிய வுட்டுட்டு ஆறு பொங்கிச்சின்றானா? நான் வரேன்! நேருல வந்து கேக்குறேன், அவன் வாசல்லியே டிராக்டர நிறுத்திட்டு நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்!" என்று கத்தினேன். கத்தின கத்தலில் மாடு கயிற்றை இழுத்தது.

நீ போனை வைத்தாய். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. பச்சையம்மா ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டாள். "நல்லா கேளு நைனா" என்றாள். "அப்டியே என்னியும் வண்டியில குந்த வச்சி இட்டுக்கினு போ. நானும் ஒரு ஆளக் கேக்கணும். எம்மாந் தூரம் போவணும்னுதான் தெரியல." தழைக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மகளே, என்னை யாரும் வாயடைத்தது கிடையாது. ஒரு தேர்தல் கூட்டத்தில் மைக்கையே பிடுங்கிப் பேசினவன் நான். அன்றைக்கு மாட்டை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அப்புறம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். உன் எதிர்வீட்டுக்காரருக்கு என்னென்ன கேள்வி வைத்திருந்தேனோ அதெல்லாம் ஒவ்வொன்றாக என்னிடமே திரும்பி வந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் பெரியம்மாவிடம் சொன்னேன். உன்னிடம் வண்டி போவதற்கு முன்னால் நம் மூலையை வெட்டி, ஓடைப் பக்கம் சரிவாக வாட்டம் கொடுத்துவிட வேண்டும், ஒரு நாள் வேலை, செவ்வாய் முடித்துப் புதன் அனுப்பிவிடலாம் என்றேன். அவள் விளக்கேற்ற எழுந்து போனாள். செவ்வாய்க்கிழமை காலை நாஷ்டா முடித்து டிராக்டரை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனால், மேட்டின் நடுவில் முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். ஹாரன் அடித்தேன். நிமிரவில்லை. "எயுந்திரு, மழ வரப் போவுது." "நான் எயமாட்டேன். இந்த மண்ணு வந்தப்புறந்தான் பொண்ணுக்குக் கல்யாணம் அமஞ்சுது. இத்த வெட்டி அதுக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா? எம்மேல வண்டிய ஏத்திட்டு அப்புறம் வெட்டு." வாஸ்துவாவது ஒன்றாவது என்று நான் எப்படிச் சொல்வேன்? ஊர் முழுக்க அந்த மண்ணின் மகிமையைப் பரப்பினவன் நான். நான் சொன்ன பொய்யை என் பெண்டாட்டி நம்பி அதன் மேல் உட்கார்ந்திருக்கிறாள். அன்று முழுக்கக் கீரை ஆய்ந்தாள், அப்புறம் புளி ஆய்ந்தாள், அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அதுதான் மகளே, பஞ்சரான டயர்.

புதன்கிழமை மறுபடியும் உட்கார்ந்தாள். பத்து மணிக்கு வேலியை விலக்கிக்கொண்டு பச்சையம்மா வந்தாள். நான் கூப்பிடவில்லை. என்னைப் பார்க்காமல் நேராகப் போய்ப் பெரியம்மா பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"வெயிலு ஏறுதுக்கா. எயுந்திரு."

"பொண்ணுக்காவ கொட்ன மண்ணு பச்ச. உனுக்குத் தெரியாததா?"

"கொட்னது யாரு? நான்தான். ஒவ்வொரு பாண்டும் தூக்கும்போது இன்னா நெனச்சேன் தெரியுமா? இந்தப் பொண்ணுக்குச் சீக்கிரம் ஒரு நல்லது நடக்கட்டும்னுதான் நெனச்சேன். எங்கூட்ல தண்ணி வந்த அன்னிக்கும் அதுதான வந்து எறச்சி ஊத்துச்சி? மண்ண எடுத்தா நான் நெனச்சது பூடுமாக்கா?"

பெரியம்மா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டிராக்டர் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, நான் அணைத்தேன். பெரியம்மா என் பக்கம் திரும்பிக் கேட்டாள், "வெட்ற மண்ண எங்க கொட்டப் போறே?"

"ஏரிக்கரையில."

"ஏரிக்கரையில கொட்டினா நான் எயமாட்டேன். பொண்ணு வூட்டுக்கு மண்ணு வேணும்னு கேட்டுச்சா இல்லியா? இது அதோட மண்ணு. அது வூட்டுக்கே அனுப்பு."

இருபத்தேழு வருஷமாக இந்த வீட்டில் புத்திசாலி நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று பத்தரைக்கு ஆரம்பித்து இன்று மூன்று மணி வரை வேலை. மண் நன்றாக இறுகிப்போயிருந்தது. அரையடி அரையடியாக அமுக்கினவன் நான்தானே, என் வேலைப்பாடு எனக்கே எதிரியாகிவிட்டது. மூன்று பேரும் சேர்ந்துதான் செய்தோம். பச்சையம்மா எங்கே வெட்ட வேண்டும் என்று கை காட்டினாள், நான் வெட்டினேன். அவள் போதும் என்றால் போதும். இன்னும் என்றால் இன்னும். இரண்டு இடத்தில் நான் வாய் திறந்தேன், இரண்டு இடத்திலும் அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது. மூன்று மணிக்கு அவள் தன் வீட்டுக்குள் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தாள். தன் வாசற்படியிலேயே கவிழ்த்தாள். நாங்கள் மூவரும் அதன் பின்னாலேயே நடந்தோம். மூன்று கிழம் ஒரு கை தண்ணீருக்குப் பின்னால் குனிந்துகொண்டு போவதை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். வேலியைத் தாண்டியது, துவைக்கிற கல்லைச் சுற்றியது, அங்கே வந்து நின்றுவிட்டது. பச்சையம்மா கட்டைவிரலால் மண்ணில் ஒரு கோடு கீறினாள். தண்ணீர் ஒரு நொடி யோசித்துவிட்டு அந்தக் கோட்டில் இறங்கி, மூலைக்குப் போய், ஓடையில் விழுந்தது. "இன்னும் ஒரு சாண் சீவு நைனா" என்றாள். சீவினேன். இரண்டாவது குடம் நிற்காமல் போனது.

அப்போதுதான் அவளிடம் சொன்னேன், அது ஏரித் தண்ணீர் இல்லை என்று. "தெரியும்" என்றாள். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு மழை போனது போனதுதான். டீக்கடையில் இன்னும் சொல்லவில்லை. நாளை காலை கிளம்பும்போது அங்கே வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். பெரிதாக ஒன்றும் சேர்க்காமல் சொல்ல வேண்டும், அதுதான் கஷ்டம்.

இனி இந்தப் புழக்கடையில் மழைத் தண்ணீர் ஓடும். கொட்டகைப் பக்கம் கொஞ்சம் ஈரம் நிற்கும். மாட்டை இரண்டு மாதம் தெருப்பக்கம் கட்ட வேண்டியதுதான். மண் முன்வாசலில் குவிந்திருக்கிறது, இருபத்தைந்து நடைக்கு வரும். குட்டி யானையில் முதல் நடையை ஏற்றியாயிற்று. பெரியம்மா அதன் மேல் மஞ்சள் தெளித்து, நாலு பக்கமும் குங்குமம் வைத்துவிட்டாள். சீர்வரிசை வண்டி மாதிரி நிற்கிறது. போகிறவர்கள் உள்ளே என்ன என்று எட்டிப் பார்க்கிறார்கள். டிராக்டரை நான் ஓட்டி வருவேன், குட்டி யானையை மெக்கானிக் ஓட்டி வருவான். பத்து மணிக்குள் பெருநகர் வந்துவிடுவோம். இந்தத் தாளைக் கடைசி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் வருவதற்கு முன்னால் நீ படித்துவிட வேண்டும். நேரில் வந்தால் வேறு மாதிரி சொல்லிவிடுவேன்.

உன் எதிர்வீட்டுக்காரரை நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை, பயப்படாதே. கேட்கிற தகுதி எனக்கு இல்லை. உனக்கு இருக்கிறது, நீ கேள். உன் மனையில் எந்தப் பக்கம் எவ்வளவு மேடு என்பதையும் நீதான் சொல்ல வேண்டும், நான் ஓட்டுகிறேன். ஒன்று மட்டும் செய்து வை. உன் மனைக்குப் பின்னால் பள்ளத்தில் ஒரு ஓட்டு வீடு இருக்கிறதே, மறுவீட்டுக்கு வந்தபோது பார்த்தேன். நாளைக் காலை எழுந்ததும் அங்கே போ. மண் கொட்டுவதற்கு முன்னால் அவர்கள் வாசலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேள். அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் நான் வண்டியின் பின்கதவைத் திறப்பேன்.

உன் பெரியப்பா